அம்மாவுக்கு ஏற்ற கடற்கரை

கோப்பாய் வீட்டு வாசலில் வான் உறுமிக்கொண்டு நிற்க, அக்கா நீட்டிய தேத்தண்ணீரை அம்மா புறங்கையால் விலக்கியதுதான் அந்த நாளை நினைத்ததும் முதலில் வருவது. "வேண்டாம் பிள்ளை, வயித்தைப் பிரட்டும்" என்றார். கலியாண வீடோ, ஆஸ்பத்திரியோ, திருவிழாவோ, வெளியே போகிற நாளில் அம்மா எதையும் குடிப்பதில்லை. வாகனம் அவருக்கு ஒத்துவராது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். சீனி வருத்தம் உள்ளவர் இப்படி வறண்டு கிடக்கலாமா என்று படித்த பெண்பிள்ளைகளான எங்களுக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா பிரான்சுக்குப் போகச் சில கிழமைகளே இருந்தன. அதற்குள் நாலு பேரும் சேர்ந்து ஒருமுறை கடலுக்குள் நிற்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் கடல் வந்துவிடுகிற ஊரில் பிறந்தும் நாங்கள் குடும்பமாக ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை. வெங்காயம் முடிந்தால் புகையிலை, அது முடிந்தால் மிளகாய் என்று தோட்டம் எங்களை விட்டதில்லை. கரையைத் தெரிவுசெய்யும் வேலையை நான் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். இப்படியான வேலை கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் தேவையில்லை. கைபேசியில் வரைபடத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து அலை எப்படி, சவுக்கு நிழல் உண்டா, வான் மணலில் புதையுமா என்றெல்லாம் பார்த்துவைத்தேன்.

எதைச் சொன்னாலும் அம்மா ஒரு குற்றம் கண்டுபிடித்தார். காரைநகர் என்றால் சனம் கூடுதல். சாட்டி என்றால் காற்று. மணற்காடு என்றால் மணல் சுடும். பின்னேரங்களில் இந்தப் பேச்சு தொடங்கினாலே எல்லோருக்கும் அலுப்பு வந்துவிடும். "இஞ்சேரும், உமக்கெண்டு ஒரு கடலைப் புதுசா வெட்டேலுமே?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். "நீங்கள் போட்டு வாங்கோவன், நான் வீட்டைப் பாக்கிறன்" என்றார் அம்மா. அக்கா எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அவளுடைய முகத்துக்காகத்தான் கடைசியில் அம்மா ஓம் என்றார்.

நாங்கள் போன கரையின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊரவரை நோகடிக்க விருப்பமில்லை. கடல் படத்தில் இருந்ததைவிட வடிவு. நானும் அப்பாவும் அக்காவும் நேரே தண்ணீருக்குள் ஓடினோம். அம்மா வானுக்குள் சாப்பாட்டுச் சட்டிகளுக்குக் காவல் இருந்தார். அக்கா இரண்டு தரம் போய்க் கூப்பிட்டாள். "பிறகு வாறன், நீ போ" என்றே பதில் வந்தது. அக்காவுக்கு அதன்பிறகு கடல் இனிக்கவில்லை. கரையில் வந்து குந்திவிட்டாள். இந்த ஒரு நாளுக்கா இவ்வளவு பாடு என்று நானும் கரையேறினேன்.

வானுக்குக் கொஞ்சத் தூரத்தில் ஒரு பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வானடிக்குப் போனபோது, தண்ணீர்ப் போத்தல் எடுக்க நானும் அங்கே நின்றேன்.

"அக்கா, கக்கூசுத் திறப்பு வைச்சிருக்கிறவர் ரவுணுக்குப் போட்டார். பின்னேரம்தான் வருவார்" என்றார் அம்மாவிடம்.

"எனக்கொண்டுமில்லை, தங்கச்சி."

"ஒண்டுமில்லாமலே அந்தக் கதவை உவ்வளவு நேரமா முறைச்சுப் பாக்கிறியள்? வாங்கோ எங்கட வீட்டை. உதிலைதான்."

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். பனையடியில் சிறிய கட்டடம், கதவில் பெரிய பூட்டு, சாவி பட்டணத்தில். காற்று, சனம், சுடுமணல், வயிற்றுப் பிரட்டல் எல்லாமே இந்த ஒரு கதவுதான். அப்பாவின் முன்னால் எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத விஷயம் அது. வாய்விட்டுக் கேட்பதைவிடக் கடலை வேண்டாம் என்று சொல்வது அம்மாவுக்கு லேசாக இருந்திருக்கிறது.

அம்மா அந்தப் பெண்ணுக்குப் பின்னால் விறுவிறென்று நடந்தார். திரும்ப நெடுநேரமாயிற்று. தேடிப் போனால், முற்றத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். கரையோர வீடுகளில் எங்கள் ஆட்கள் வாய் நனைப்பதில்லை; யாரும் வெளியில் சொல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அம்மா என்னைப் பார்த்து, "தேத்தண்ணி நல்ல சாயம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அக்காவின் பக்கத்தில் நின்றார். வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. அப்பா தோட்டத்தை நினைத்து அவசரப்படுத்தத் தொடங்கியிருந்தார்.

"பிரான்சிலை கடற்கரையளிலை உதெல்லாம் ஒழுங்கா இருக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கும் அம்மா."

"அப்ப சரி."

அவ்வளவுதான் எங்கள் கடல். அம்மா நின்றது ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஆறுகிற நேரம்கூட இராது.

இந்த ஆவணியில் அக்கா வருகிறாள். மறுபடியும் கடல், மறுபடியும் தெரிவு. குடும்பக் குழுவில் அவள் அலையும் மணலுமாகப் படங்களைப் போட்டுத் தள்ளுகிறாள். முன்புபோல எனக்கு அதில் மனம் போகவில்லை. வரைபடத்தைத் திறக்காமல், விடுதிகளுக்கும் கடற்கரைக் கடைகளுக்கும் தொலைபேசி எடுத்து ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: கழிப்பறை திறந்திருக்குமா, திறப்பு ஆரிடம்? சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். நேற்று ஒரு கடைக்காரர் சிரித்தார்.

"தங்கச்சி, நீங்கள் கடல் பாக்க வாறியளோ, கக்கூசு பாக்க வாறியளோ?"

"அம்மாவோடை வாறன் அண்ணை" என்றேன்.

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "பொறுங்கோ," என்றார். "திறப்பை இண்டைக்கே வாங்கி வைக்கிறன்."