கேஸ்கேடை எப்போது போடுவது

போன ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரில் ஐஸ் மலை மாதிரி ஏறி, கதவே மூடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தரையில் பழைய நைட்டியை விரித்து, கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது பட்டாணி ஒரு கவர், அரைத்த தேங்காய் ஒரு டப்பா, அப்புறம் ரப்பர் பேண்ட் போட்ட வெள்ளிக் கலர் பாக்கெட். பாக்கெட்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா பார்த்துக்கொண்டே போனாள்.

"அத இன்னும் எத்தினி நாளு வெச்சிருப்ப?" என்றாள்.

பாக்கெட்டில் ஒட்டியிருந்த ஐஸைத் துடைத்தேன். எப்போது போடுவது என்று தெரியாமல்தான் வைத்திருந்தேன்.

பாக்கெட்டில் இருப்பதன் பெயர் கேஸ்கேட். பீரில் போடுகிற ஹாப்ஸ் பூ. அதில் பல ஜாதி உண்டு, இது ஒன்று. பூ மாதிரி இருக்குமென்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பொடித்து உருட்டியது, பார்த்தால் கோழித் தீவனம் மாதிரி பச்சையாக, குட்டிக் குட்டியாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது, "யாருக்குணா இது, பக்கத்து வீட்டுக் கோழிக்கா?" என்றுதான் கேட்டேன்.

என் அண்ணன் பாபு, அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற ஒரு பப்பில் டேங்க் கழுவுகிற வேலையில் இருந்தான். தேதி முடியப்போகிற பாக்கெட் இருந்தால் அங்கே காய்ச்சுகிற சார் கொடுத்து அனுப்புவார். வீட்டில் காய்ச்சுவது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். விற்கவில்லை. குடித்தது மூன்றே பேர், அதில் ஒருத்தி அம்மா.

நான் பெங்களூர் அடுகோடியில் ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் இருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து அங்கேதான். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்காரர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை. மல்லி, சந்தனம், ரோஜா எல்லாம் சேர்ந்து என் தலைமுடியில் குடியிருக்கும். அண்ணன் என்னை மூக்கி என்பான். சின்ன வயதில் கமலா ஆரஞ்சுத் தோலை மடித்து என் கண்ணில் பீய்ச்சிவிட்டு ஓடுகிறவன், இப்போது அந்த பாக்கெட்டைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"சொல்லு, இன்னா வாசனை?"

"நீ என் கண்ணுல அடிப்பியே, அந்தத் தோலு."

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அவன் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை நான் சொல்லிவிட்ட மாதிரி.

முதல் தடவை, முளைகட்டிக் காயவைத்த பார்லியை ஊறவைத்து வடிகட்டிய தித்திப்புத் தண்ணீரை, பொங்கலுக்கு எடுக்கிற அண்டாவில் கொதிக்க வைத்தான். கொதி வந்ததும் பாக்கெட்டை முழுதாகக் கொட்டினான். பப்பில் முதலில் போடுவதைப் பார்த்திருந்தான், எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்க்கவில்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்று முறைத்தாள். எங்கள் அப்பா குடித்தே போனவர்.

"உங்கப்பன் கடை கடையா குடிச்சான். நீ வூட்லயே கடை போட்டியாடா?"

"தெருவுல வுழுந்து கெடக்க மாட்டேன்ல மா. வுழுந்தாலும் ஹால்ல தான்."

அம்மா சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டது எனக்குத் தெரியும். பீர் தயாரானதும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது சுகருக்கு நல்லதுடா, தெனம் ஒரு டம்ளர் குடு" என்றாள். அப்படி ஒரு கசப்பு. ஆரஞ்சு வாசனை பேருக்குக்கூட இல்லை.

அங்கேதான் எங்கள் சண்டை ஆரம்பித்தது.

"வாசனைய கொண்டுபோய் அவ்ளோ நேரம் வேகவெச்சா எங்கணா நிக்கும்? கம்பெனில குச்சியெல்லாம் காஞ்சப்புறம் கடைசில தான் சென்ட்ல முக்குவோம்."

"ஏய் மூக்கி, இது ஊதுபத்தி இல்ல. கசப்பு இல்லன்னா வெறும் பானகம்."

"பானகம் நல்லாத்தான இருக்கும்."

"அப்போ போய் கோயில் வாசல்ல ஊத்து."

அடுத்த தடவை நான் விடவில்லை. அடுப்பை அணைத்து, கை பொறுக்கிற சூடு வந்தபிறகுதான் போட விட்டேன். வாசனை வந்தது, ஆனால் அவன் சொன்ன மாதிரியே தித்திப்பு. "பிரசாதம் எடுத்துக்கோங்க" என்று உள்ளங்கையைக் குவித்துக் காட்டினான். ஆனாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். கறிவேப்பிலையைத் தாளிப்பில் போட்டாலும் இறக்கும்போது போட்டாலும் கறிவேப்பிலைதான். இது அப்படி இல்லை. ஒரே பாக்கெட், ஒரே கை, நேரம் மட்டும் மாறினால் ஆளே வேறாகிவிடுகிறது. பத்தி உருட்டும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவனிடமே கேட்டேன்.

"கசப்பு வெளிய வர்றதுக்கு நேரம் ஆவும். வாசனை ஓடிப்போறதுக்கு நேரம் ஆவாது. அவ்ளோதான்" என்றான், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

மூன்றாம் தடவை சமாதானம் ஆனோம். அவன் பங்குக்குக் கொஞ்சம் முதலில், என் பங்குக்குக் கொஞ்சம் அணைக்கும்போது. மூடியைத் திறந்த அன்று வீடு முழுக்கக் கமலா வாசனை. மாடியிலிருந்து ஓனர் அக்கா இறங்கி வந்து, "ஏனு இது, கித்தளே ஹண்ணு வாசனெ?" என்று மூக்கை நீட்டினாள். ஆரஞ்சுப் பழம் ஜூஸ் போட்டேன் என்று அம்மா கூசாமல் கன்னடத்தில் சொன்னாள். அக்கா போனதும், "அவளுக்கும் ஒரு டம்ளர் குடுத்திருந்தா வாடகை ஏத்தாம இருப்பா" என்றாள். அன்றைக்கு அம்மா ரெண்டு டம்ளர் குடித்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். அண்ணனுக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நெருப்பே இல்லாமல், ஈஸ்ட் வேலையை முடித்து, குமிழி விடுவது நின்றபிறகு கேனுக்குள் நேராகப் போட்டால் வாசனை இன்னும் அள்ளுமாம். ரொம்ப முந்திப் போட்டால் நுரைக்காற்றோடு வாசனையும் போய்விடும். போட்டுவிட்டு ரொம்ப நாள் விட்டால் புல்லு மாதிரி ருசி வந்துவிடும். சரியான நாள் எது என்பதில்தான் விஷயம். பாதி பாக்கெட்டைக் கசப்புக்கு முதலிலேயே போட்டுக் காய்ச்சி, வாட்டர் கேனில் ஊற்றி, கட்டிலுக்கடியில் வைத்தான். மீதிப் பாதிக்கு ரப்பர் பேண்ட் போட்டான்.

அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தியிருக்க, என்னைப் பார்த்து அவன் கேட்டது இதுதான்: "குமிழி நின்னுச்சா?"

"இன்னும் இல்லணா. லேசா வந்துட்டு இருக்குது."

"நின்னா நீயா போட்டுடாத. நான் வந்து மோந்து பாத்துட்டு சொல்றேன்."

வரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று யாரோ கட்டிலையும் கேனையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, வெயிலில் காடி ஆகியிருந்தது. அம்மா அதை பாத்ரூமில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஒரேயடியாக ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

மிச்சம் அந்தப் பாதிப் பாக்கெட்டுதான். அடுத்த தடவை காய்ச்சும்போது போடலாம் என்று வைத்தேன். எப்போது போடுவது? அவன் மோந்து பார்த்துச் சொல்லவேண்டிய நாளை நான் எப்படிச் சொல்வேன்? தாங்க முடியாத நாளில் ரப்பர் பேண்டை எடுத்து, பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டு ஒரு இழுப்பு இழுப்பேன். ஆரஞ்சுத் தோலோடு அவன் நிற்பான். உடனே மூடிவிடுவேன். முதலில் எப்போதோ ஒரு நாள், அப்புறம் வேலைக்குப் போகும்போது, வந்த பிறகும். கம்பெனியில் சென்ட் பாட்டில் மூடாமல் கிடந்தால் முதலில் கத்துகிறவள் நான். வீட்டில் அந்தப் புத்தி எங்கே போனதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மடியில் வைத்துப் பிரித்தேன். மழையில் நனைந்து காயாத சாக்ஸ் நாற்றம். மறுபடி மோந்தேன். அதேதான்.

அம்மா முகத்தைப் பார்த்தே கேட்டாள், "போயிடுச்சா?"

"ம்."

"தூக்கிப் போட்டுரலாமா?"

அண்ணனோடு வேலை செய்த பையன் மஞ்சுவுக்கு போன் செய்தேன். "கேன்ல எல்லாம் போடாத மா, பூரா நாறிடும். கொதி வந்தவுடனே போடு. நாத்தம் ஆவில போயிடும், கசப்பு கொஞ்சம் நிக்கும்" என்றான். பார்லிகூட அவனே கொண்டுவந்து கொடுத்தான். அடுப்படிக்குள் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான்.

நேற்று கம்பெனிக்கு லீவு போட்டேன். அம்மாவும் நானும் சேர்ந்து அண்டாவைத் தூக்கி வைத்தோம். கொதி வந்தது.

"எப்போ போடப்போற?"

"இப்பவே மா."

"நீ கடைசில தான போடணும்னு சண்ட போடுவ."

"கடைசில போடுறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல மா."

கொட்டினேன். பச்சையாக நுரைத்துப் பொங்கி, அடங்கியது. முதலில் போடவேண்டும் என்று அவன் எத்தனையோ நாள் கத்தியதை, கடைசியில் ஒரு சண்டையும் இல்லாமல் செய்துவிட்டேன். கரண்டியைப் பிடுங்கவோ, பார்த்தியா என்று சிரிக்கவோ யாரும் இல்லை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள், ஆனால் அடுப்படியை விட்டுப் போகவில்லை. வாசனை ஓடிவிடுமே என்று மூடியைத் தேட இந்தத் தடவை அவசியம் இல்லை. அண்டாவைத் திறந்தே விட்டுவிட்டு, கசப்பு இறங்கட்டும் என்று ரெண்டு பேரும் பக்கத்திலேயே நின்றோம்.