டாக்டரம்மா கேட்காத பம்பர்

ஆரணியில் ஜீப் வேலை பார்க்கத் தொடங்கி முப்பது வருஷம் ஓடிவிட்டது. தேவிகாபுரம் ரோட்டில் என் ஷெட். சின்ன ஃபோர் வீல் டிரைவ் வாங்கிய கையோடு பசங்க வந்து கேட்கும் முதல் கேள்வி, "மணி அண்ணா, இதுக்கு என்னென்ன மாட்டலாம்?" என்பதுதான். முன்னெல்லாம் நானும் ஆசை ஆசையாகப் பட்டியல் போடுவேன். இப்போது போடுவதில்லை. காரணம் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் முட்டாள் நான்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. முதல் நாள்

கலைவாணி மேடம் மாட்டு டாக்டர். ஜவ்வாது மலையில் வேலை. தேசூர் பக்கத்து ஊர்க்காரர். அப்பாவும் அம்மாவும் அறுப்புக்கும் நடவுக்கும் போய்ப் படிக்க வைத்த பெண். மலைக்குப் போய்வர இரண்டு வருஷத்துக்கு முன் சொந்தமாக வாங்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஓட்டிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார்.

"மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குங்க. போன மழையில வண்டி ஏறாம ரெண்டு மாட்டுக்கு நேரத்துக்குப் போக முடியல. ரெண்டும் செத்துப் போச்சு. இந்த வருஷம் மேல இருக்கிற மூணு ஊருக்கும் வண்டி ஏறியே ஆகணும். எல்லாத்தையும் ஒரே வாட்டியில செய்ய என்னால முடியாது. எது முதல்ல, எது அப்புறம்னு சொல்லுங்க" என்றார்.

"ஜல்தியா முடிச்சிடலாம் மேடம். லிஃப்ட் கிட் போட்டு நாலு இஞ்ச் தூக்கிடுவோம். பெரிய டயர், முன்னாடி ஸ்டீல் பம்பர், சேத்துல இருந்து தானே இழுத்துக்க வின்ச், மேல லைட் பார். வண்டி சும்மா யானை மாதிரி நிக்கும்!"

பட்டு வியாபாரிகள் வீட்டுப் பசங்க மூன்று பேருக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருந்தேன். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலையேறி, போட்டோ எடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது சரி.

டாக்டர் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். போன மழையில் வண்டி மாட்டிய ஒவ்வொரு தடவையும் அதில் இருந்தது, எந்த இடம், எதனால் என்று. மொத்தம் பதினோரு தடவை. ஏழு தடவை சேற்றில் டயர் சறுக்கல். இரண்டு தடவை அடிவயிறு பாறையில் தட்டியிருக்கிறது. ஒரு தடவை பிரேக் நனைந்து பிடிக்கவில்லை. ஒரு தடவை இழுக்க டிராக்டர் வந்தும், கயிறு கட்ட வண்டியில் ஒரு கொக்கிகூட இல்லை.

"லைட் பத்தலன்னு ஒரு வாட்டிகூட நிக்கலையே அண்ணா. லைட் பார் எதுக்குங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷமா ஜீப் வேலை பாக்கறேன் மேடம்."

"நான் ரெண்டு வருஷமா அந்தச் சேத்துல நின்னுகினு இருக்கேன் அண்ணா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

2. காற்றை இறக்கினார்

"ஒரு வாட்டி கூட வந்து பாருங்களேன்" என்றார். போனேன். தார் ரோடு முடிந்து, கல்லும் முள்ளுமாக ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். குச்சி ஒன்றை எடுத்து வால்வை அழுத்தி, நான்கு டயரிலும் காற்றை இறக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, என்ன மேடம் பண்றீங்க! டயர் கிழிஞ்சிடும்!"

எங்கள் ஊரில் காற்று என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும். அப்படித்தான் பிடித்துப் பழக்கம். முப்பதுக்கு மேல் இருந்த காற்றை டாக்டர் கேஜை வைத்துப் பதினெட்டில் நிறுத்தினார். நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற ஃபோர் லோ கியரைப் போட்டார். தேய்ந்து வழுக்கையாகிப் போன டயர், அந்தக் கல்லை அப்படியே அணைத்துப் பிடித்துக்கொண்டு ஏறியது. நான் ஓட்டியிருந்தால் கிளட்சைக் கருக்கியிருப்பேன். எத்தனையோ பெரிய டிரைவர்களோடு உட்கார்ந்து போயிருக்கிறேன். இப்படி அலட்டாத கையைப் பார்த்ததில்லை.

திரும்பித் தார் ரோட்டுக்கு இறங்கியதும் ஒரே ஒரு பிரச்சினை. இறக்கிய காற்றைத் திரும்பப் பிடிக்க சைக்கிள் பம்புதான் வைத்திருந்தார். நான்கு டயருக்கும் அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆளுக்கு இரண்டு டயர் அடித்தோம். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை.

ஆரணிக்கு வரும் வழியிலேயே வரிசையைப் பேசி முடித்தோம். முதலில் டயர், கம்பெனி கொடுத்த அதே அளவில் மண்ணைக் கடிக்கிற பட்டன் டயர். அளவைக் கூட்டினால் சின்ன இன்ஜின் இழுக்காது. அடுத்து பிரேக் முழுசாகப் பிரித்து வேலை. பிறகு முன்னும் பின்னும் சேஸிஸோடு சேர்த்து இழுகொக்கி. அப்புறம் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப். கடைசியாக அடியில் ஒரு இரும்புத் தகடு. லிஃப்ட் கிட், வின்ச், லைட் பார் மூன்றும் அவுட். வரிசையை வகுத்தது டாக்டர், ஆமாம் போட்டது நான்.

3. கொசுறு

வேலை சுத்தமாக முடிந்தது. அதோடு விட்டேனா?

பட்டுப்புடவை எடுத்தால் ஒரு பையாவது, டப்பாவாவது கொசுறாக வைத்துக் கொடுக்கிற ஊர் இது. வெறுங்கையோடு அனுப்பினால் கடைக்காரருக்கு மனசு ஆறாது. என் ஷெட்டிலும் அதே வழக்கம். டெலிவரி நாளில், கேட்காத ஏதாவது ஒன்றை மாட்டித்தான் அனுப்புவேன். மட் ஃப்ளாப், ஹார்ன், இந்த மாதிரி. டாக்டர் மேல் எனக்கு இருந்த மரியாதைக்கு ஹார்ன் போதுமா? வேறொரு வண்டியில் கழற்றிய ஸ்டீல் பம்பர் ஷெட்டில் கிடந்தது. பெயின்ட் அடித்து, ஏர் கன்னில் நான்கு போல்ட்டையும் இறுக்கி மாட்டிவிட்டேன்.

"இது எதுக்கு அண்ணா? கனமா இருக்குமேங்க."

"என் அன்பளிப்பு மேடம். வேணான்னு சொல்லாதீங்க."

ஒரு நிமிஷம் பம்பரையே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சரி என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

மழை பிடித்த இரண்டாம் வாரம், மேல் ஊரிலிருந்து காலையில் அவருக்கு போன். ஈனுகிற மாடு, கன்று வெளியே வரவில்லை. வண்டி சேற்றையெல்லாம் தாண்டி ஜம்மென்று போயிருக்கிறது. போன வருஷம் ஏழு தடவை சறுக்கிய இடம் ஒன்றிலும் சறுக்கவில்லை. கடைசி ஓடையில் இறங்கி அக்கரை ஏறும்போது, தாழ நீட்டிக்கொண்டிருந்த பம்பர் கரையில் போய்க் குத்திக்கொண்டது. ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஏறினால் மறுபடி குத்தியது. டாக்டர் மழையில் இறங்கி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று, நான் இறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார். நாற்பது நிமிஷம். பம்பரை ஓடைக்கரையில் தள்ளிவிட்டு மேலே போனார்.

மறுநாள் ஷெட்டுக்கு வந்து சொன்னார்.

"மாடு?" என்று கேட்டேன்.

"பொழைச்சிது."

"கன்னு?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "தலை உள்ள மடங்கி இருந்தது. நான் போறப்பவே உயிர் இல்ல."

"நாப்பது நிமிஷம் முன்னாடி போயிருந்தா மேடம்?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "பொழைச்சிருக்கலாம் அண்ணா" என்றார். பிறகு, "அன்னிக்கே வேணான்னு நான் சொல்லியிருக்கணும். உங்க மனசு நோவுமேன்னு விட்டுட்டேன். தப்பு என் மேலயும்தான்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

அன்றோடு என் ஷெட்டில் கொசுறு நின்றது. யார் வந்தாலும், "எங்க மாட்டிக்கினீங்க, எதனால மாட்டிக்கினீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கிறேன். கஞ்சன் என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

4. மேல் ஊர்

அடுத்த வாரம் டாக்டரோடு பம்பரை எடுத்துவரப் போனேன். அப்படியே மாட்டைப் பார்க்க மேல் ஊருக்கும் ஏறினோம். மாட்டுக்காரம்மா பேர் குப்பம்மாள். அந்த ஒரு மாடுதான் அவர்கள் வீட்டுக்கு வரும்படி. டாக்டர் மாட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, குப்பம்மாள் எனக்கு ஒரு டம்ளர் நிறையப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார்.

"வண்டிய செஞ்சது நீங்கதானாமே. போன மழையில யாரும் வரல. இந்த மழையில டாக்டரம்மா வந்தாங்க. நல்லா இருக்கணும் நீங்க."

பாலைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்லாமல் இறங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் டாக்டர் என்னிடம் பொய் சொல்லவில்லையே. "அம்மா, அன்னிக்கு வண்டி ஓடையில நின்னதே நான் மாட்டின இரும்பாலதான். இல்லன்னா கன்னு பொழைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

குப்பம்மாள் எட்டி நின்ற வண்டியைப் பார்த்தார்.

"இப்ப அந்த இரும்பு இருக்கா?"

"இல்லம்மா."

"அடுத்த வாட்டி நேரத்துக்கு வந்துடுமா?"

"வந்துடும்மா."

"அப்ப குடிங்க" என்றார்.