பெரிய மாமாவின் பாஸ்போர்ட்

ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்குப் பிணம் போதாது, பதிவு வேண்டும். பிற்காலத்தில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன். என் பெரிய மாமா கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்தார். அம்மா மாதக்கணக்கில் அழுதாள். பதிவு செய்ய மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் திடகாத்திரமாக இருந்தார்.

சின்ன மாமா பினாங்கில் கடை வைத்திருந்தவர். ஒரு தகராறில் ஒருவரைக் குத்திக் கொன்று, சிறையிருந்து, இனி அந்த நாட்டில் கால் வைக்கக்கூடாது என்று கப்பலேற்றப்பட்டவர். அத்தையும் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். தடையை நீக்கக் கோரி மனு அனுப்பலாம், அனுப்பினார், தள்ளுபடியானது. பிறகுதான் அண்ணன் பெயரில் பாஸ்போர்ட் எடுக்கும் யோசனை வந்தது. இருவருக்கும் ஒரே முகச்சாடை. விரல் ரேகையை இயந்திரங்கள் நினைவில் வைத்திராத காலம். நாங்கள் கோட்டாற்றுக்குப் புதிதாகக் குடிவந்திருந்ததால், எந்த மாமா இறந்தவர், எவர் இருப்பவர் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

அம்மா சம்மதிக்கவே இல்லை. “பிள்ளையளுக்கு எனக்க மொகமே மறந்து போவும் எக்கா” என்று மாமா ஒருநாள் உடைந்து அழுத பிறகு சரி என்றாள்.

சிறுமியாக இருந்த எனக்கும் பயிற்சி நடந்தது. “ஏட்டி, இனிமே நான்தான் ஒனக்குப் பெரிய மாமா. விசாரிக்க ஆள் வரும்போ சின்ன மாமான்னு விளிச்சிராத, கேட்டியா?”

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஆடி அமாவாசையை யோசிக்கவில்லை. அன்று காலையில் கன்னியாகுமரிக் கடலில் பெரிய மாமாவுக்குத் தர்ப்பணம் செய்து பலி போட்டுவிட்டு வந்து, அவர் படத்துக்கு மாலையிட்டு, இலை போட்டுப் படைத்தோம். பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்திருப்பவருக்கே படையல். அதில் ஏதோ இடிக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் படவில்லை. காக்கைக்குச் சோறு வைத்த நேரத்தில், விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்து நின்றார்.

பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் மாமா தடுமாறாமல் சொன்னார். போலீஸ்காரரின் கண் சுவருக்குப் போனது.

“அது யாருக்க படம்? ஒம்மளப் போலயே இருக்கு?”

அம்மாதான் பதில் சொன்னாள்.

“எனக்க இளைய தம்பி. பினாங்குல ஒருத்தனக் குத்திக் கொன்னவன். அந்த மனுஷனுக்கும் பிள்ளையள் உண்டும். இவனும் செத்தாச்சு.”

கேட்காததைச் சொல்வது விசாரணையில் ஆபத்து. ஆனால் போலீஸ்காரர் நல்ல மனிதர். வெளியே பார்த்து, “காக்கா எடுத்தாச்சு, ஆத்மா அடங்கிரும்” என்றார். மாமாவிடம், “தம்பிய நெனச்சு வெசனப்படாதயும்” என்று ஆறுதலும் சொன்னார். அம்மா அவரைச் சாப்பிட உட்காரவைத்தாள். அவர் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். பக்கத்து இலையில் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவர் போனதும் மாமா சிரித்தார். “எக்கா, நல்லா சமாளிச்சிட்டியே!”

அம்மா இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். இவ்வளவு அழகாகப் பொய் சொல்லத் தெரிந்த அம்மா எனக்கு இருப்பதில் ரொம்பப் பெருமையாக இருந்தது.

பாஸ்போர்ட் வந்தது. மாமா போனார். பினாங்கில் யாரும் தடுக்கவில்லை என்றும், சின்னவள் முதலில் பயந்து அத்தைக்குப் பின்னால் ஒளிந்தாலும் பிறகு மாமாவின் மடியை விட்டு இறங்கவில்லை என்றும் செய்தி வந்தது. அப்பா அதை இரண்டு தடவை சொன்னார். அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆடி அமாவாசையன்று கடற்கரையில் அம்மா இரண்டு தம்பிகளின் பெயரையும் சொல்லிப் பலி போட்டாள். வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் இரண்டு இலை விரித்தாள். போலீஸ்காரர் மறுபடியும் வந்தால் காட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்து, நான் வாசலில் போய்க் காவலுக்கு நின்றேன்.