நாலு கிலோ நாயும் வெள்ளிமலை பஸ்ஸும்

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எந்த விஷயமும் தாளில் அச்சாகி வந்தால்தான் அவருக்கு உண்மை. மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது நாய் வேண்டும் என்று கேட்டாள். அவர் மூன்று நாள் போனில் தேடி, பொமரேனியனைப் பற்றி நாலு பக்கம் பிரிண்ட் எடுத்து, லேமினேஷனும் போட்டுக் கொண்டுவந்தார். சின்ன உடம்பு, நல்ல புத்தி, பிள்ளைகளோடு ஒட்டும், வீட்டு ஆட்களைப் பிரியாது, குடும்பத்துக்கு மிகவும் ஏற்றது. கடைசி வரியில் மஞ்சள் மார்க்கர் அடித்திருந்தார்.

களமருதூரில் ஒரு வீட்டில் எட்டு மாத நாய் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்கள். ஏன் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் வண்டியில் உட்காரும்வரை நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்து, மகள் மடியில் போட்டவுடன் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு அழுகை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் நாலாவது ஆள் மாமனார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாயைக் கையில் வாங்கி ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "நாலு கிலோ தேறும்" என்றார்.

வந்தது ஞாயிற்றுக்கிழமை. நாலு பேரும் வீட்டில் இருந்தோம். நாய் நடுக்கூடத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இவ்வளவு சாதுவான பிராணியை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பினார். நாய் குரைக்கவில்லை, கடிக்கவில்லை. அவர் பேன்ட்டின் கால்முனையைப் பல்லால் பிடித்துக்கொண்டு தரையோடு படுத்துவிட்டது. ஒருவழியாக அவரை விடுவித்து அனுப்பினால், அடுத்து மகளின் சுடிதார், அப்புறம் என் புடவை. பிடித்து இழுத்தால் துணிதான் கிழிந்தது. கட்டிப் போட்டாலோ ஊளை. தெருவில் யாருக்கோ சாவு என்று எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

ஒரு வாரத்தில் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தோம். மகள் யூனிபார்மின் மேல் நைட்டியைப் போட்டுக்கொண்டு, கொடியில் துணி எடுக்கப் போகிறவள் மாதிரி கொல்லைக்குப் போய் அங்கிருந்து பள்ளிக்கூடம் போனாள். நான் ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிற வேலையில் இருக்கிறேன். என் கைப்பையை விடியும் முன்பே குப்பை வாளியில் வைத்து வெளியே கொண்டுபோய்விடுவேன். மாமனார்தான் பாவம். பத்து மணிக்கு டீக்கடைக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது. கொல்லைச் சுவரில் ஏணி போட்டு ஏறிக் குதிக்க ஆரம்பித்தார். அவருக்கு எழுபது வயது.

பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே கேட்டார். "இன்னா சார், சொந்த வூட்டுலயே எகிறிக் குதிச்சிக்கினு?"

"நாய்க்குத் தெரியக் கூடாது, மெதுவா பேசு" என்றார் மாமனார்.

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா நாயின் வாய், காது எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாய்க்கு ஒண்ணும் இல்லீங்க. அது எண்ணிக்கினு இருக்குது. நாலு பேருன்னு கணக்கு வச்சிருக்குது, ஒண்ணு கம்மியானா தாங்கல. கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பழக்கி வுடுங்க."

வீட்டுக்காரர் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். அந்த அம்மா தரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து வந்தது. அவர்கள் வெள்ளிமலையில் இருக்கிறார்கள். கூட்டம் என்றால் அதுதான் கூட்டம் என்று நாயை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துக்கொண்டு நாலு பேரும் பஸ் ஏறினோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, "கூடைய வுட்டு எறங்கக் கூடாது" என்றார். நாயிடம்தான் சொன்னார்.

கச்சிராயபாளையம் வரைக்கும் கூடையில்தான் இருந்தது. அங்கே சந்தைச் சாமான்களோடு மலைக்குப் போகிற ஜனம் ஏறியதும் வெளியே குதித்தது. முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை ஒவ்வொரு காலாக முகர்ந்துகொண்டு போனது. யாரையும் விடவில்லை. திரும்பி வந்து முன்படிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. "எனக்கு முன்னாடி செக்கிங் முடிச்சிடுச்சி" என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் பஸ்ஸில் எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்தேன்.

கோமுகி அணை தாண்டி மலை ஏறி, முதல் ஊரில் ஓர் அம்மா வெங்காயப் பையோடு இறங்க எழுந்தார். நாய் அவர் புடவையைப் பிடித்துப் படுத்தது.

"எறங்கும்மா, டைம் ஆவுது" என்றார் கண்டக்டர்.

"நான் எறங்கமாட்டேன்னா சொன்னேன்? இது வுட்டாத்தானே."

வீட்டுக்காரர் நாயைத் தூக்கினார். ஊளை ஆரம்பித்தது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "இந்த சத்தத்த வச்சிக்கினு நான் வளைவுல ஓட்டமாட்டேன். எல்லாரும் ஒரு வாட்டி எறங்கி ஏறுங்க. யாரு கம்மின்னு அதுக்கு இன்னா தெரியப் போவுது."

முப்பது பேரும் இறங்கினோம். அந்த அம்மாவை ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறினோம். நாய் கடைசியாக ஏறி ஒவ்வொரு காலாக முகர்ந்து முடித்தது. பிறகு இறங்கிப் போய்ப் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்தது.

அப்போது மாமனார் எழுந்து நின்றார். எடைமேடையில் நின்ற குரல் அவருக்கு வந்துவிட்டது. "ஆளு கொறஞ்சா எடத்துக்கு ஒண்ணு வெக்கணுங்க. உங்க மேல பட்ட துணி எதனா வெச்சிட்டுப் போங்க."

அந்த அம்மா தலையில் சும்மாடு சுற்றியிருந்த பழைய துணியை எடுத்து நாயின் முன்னால் போட்டார். நாய் நெடுநேரம் முகர்ந்தது. பின் அதைக் கவ்விக்கொண்டு பஸ் ஏறி, சீட்டுக்கு அடியில் இழுத்துப் போட்டு மேலே படுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் இறங்கிய எல்லோரும் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். யாரும் கோபப்படவில்லை, மலையேறும் பஸ்ஸில் எல்லோருக்கும் ஊர்போய்ச் சேர்ந்தால் போதும். தோளில் கிடந்த துண்டு, ஒரு டீச்சரின் குடை, குழந்தையின் குல்லா. ஒருவர் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார். நாய் அதை முகர்ந்துவிட்டுத் தும்மியது. இன்னொருவரிடம் சட்டை வேட்டியைத் தவிர ஒன்றுமே இல்லை. ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்தார். "ரெண்டையும் குடுத்துட்டா நான் எப்பிடி நடக்கறது" என்றார், நாங்கள் இரண்டு கேட்டதுபோல. நாளைக் காலை இதே பஸ்ஸில் வருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். வெள்ளிமலையில் டிரைவர் கழுத்துத் துண்டையும் கண்டக்டர் கைக்குட்டையையும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

விட்டுப்போன சாமான்களையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு போனோம், நாய் கூடவே வந்தது. காதுகுத்து வீட்டில் அறுபது பேர் இருந்தார்கள். நாய் பந்தலின் நடுவில் மல்லாந்தது. "எவ்ளோ சாதுவா இருக்குது, இதையா கொற சொன்னீங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

சாப்பாடு முடிந்ததும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பஸ்ஸில் வந்தவர்கள் மூலம் சேதி முன்பே பரவியிருந்தது. பாதிப் பேர் மொய்க் கவரோடு பழந்துணி ஒன்றையும் எடுத்து வந்திருந்தார்கள். காது குத்த வந்த ஆசாரி மட்டும் தன்னால் எதுவும் தர முடியாது என்று கௌரவமாகச் சொல்லிவிட்டார். கிளம்பப் பார்ப்பார், நாய் வேட்டியைப் பிடிக்கும், உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, உள்ளே போய்ப் பனியனைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலையில் அவருடைய மனைவி அவரையும் இழுத்துக்கொண்டு வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும்போது ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். நாய் உரியவரின் கையை முகர்ந்துவிட்டுத்தான் துணியை விட்டு எழுந்தது. குடைக்கு டீச்சருடைய தம்பி வந்திருந்தார். அவரிடம் விடவில்லை, டீச்சரைக் கூப்பிட்டு வர வேண்டியிருந்தது. செருப்புக்காரர் மட்டும் வரவில்லை.

அடுத்த மாதம் வீட்டுக்காரர், நாய் சோறு தின்னும் நேரம் பார்த்துச் செருப்பை எடுத்துக்கொண்டு, அதற்காகவே மறுபடி மலைக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்தார். "ஒத்தச் செருப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது சார், அன்னிக்கே கடாசிட்டேன்" என்றாராம் அவர். புதுச் செருப்புக் காலோடு நின்றாராம். இவர் செருப்பைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து நாய்க்கு, செருப்புக்காரரோடு சேர்த்து, ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாங்கள். அந்த ஆளை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், முகம்கூட ஞாபகமில்லை.

வீட்டில் அதற்கப்புறம் சிக்கல் இல்லை. காலையில் ஆளுக்கொரு துணியைப் போட்டுவிட்டு நேராக வாசல் வழியாகப் போகிறோம்.

ஜூனில் மகளுக்குத் திருவண்ணாமலையில் காலேஜ் கிடைத்து ஹாஸ்டலில் சேர்ந்தாள். கிளம்புகிற காலையில் துப்பட்டாவை எடுத்துப் போட்டாள். நாய் முகர்ந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அதன்மேல் ஏறிச் சுருண்டு தூங்கிப்போனது. அவளைக் கொண்டுவிட்டு வந்த வீட்டுக்காரர் மறுநாள் நேரத்துக்குக் கடைக்குப் போகவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் வரை போவார், வந்து நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்காருவார். துப்பட்டாவின் ஒரு முனையை அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து மெதுவாக உருவிப் பார்த்தார். நாய் கண்ணைத் திறக்காமலே உறுமியது.

"வுடுங்க, அது நாய்க்குன்னு போட்டுட்டுப் போனது" என்றேன்.

பதினொரு மணிக்குத்தான் கடையைத் திறந்தார். ஜாதிச் சான்றிதழ் நகலெடுக்க நாலு பேர் படியில் காத்திருந்தார்களாம்.