பால்கோவா, அம்மி, அரிவாள்

மொட்டை மாடியில் மதியம் முழுக்கக் காய்ந்த பென்சில் செல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்தால், தகரத்தை நக்கியதுபோல நாக்கில் ஒரு புளிப்பு ஏறும். தீர்ந்துபோன செல்லை வெயிலில் போட்டாலோ பல்லால் நெரித்தாலோ அதற்கு இன்னும் கொஞ்சம் உயிர் வரும் என்பது அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் யாருமே சந்தேகப்படாத விஷயம். ரேடியோவுக்கு அப்படிச் செய்த வீட்டில், வீடியோ கேமுக்குச் செய்தவர்கள் நாங்கள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற ஒரு கோடை விடுமுறை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பெரியப்பா மகன் சேகரண்ணன், அய்யனார் கோவில் அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து, தொடைவரை ‘மாவுக்கட்டு’ப் போட்டுக் கட்டிலில் கிடந்தான். ராஜபாளையத்திலிருந்து என்னை அவனுக்குத் துணையாக அனுப்பினார்கள். அவன் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் டீமில் கூடைக்குப் பந்து போடுகிறவன். பள்ளி திறந்ததும் புது டீமுக்கு ஆள் எடுப்பார்கள். கால் பழையபடி வருமா என்று அவன் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் தானாகவே, “எல்லாம் சரியாப் போகும், பேசாமக் கெட” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கே பயமாக இருக்கும்.

பெரியப்பா பட்டாளத்துக்காரர். கூட வேலை பார்த்தவரின் தம்பி கப்பலில் போய்வருகிறவர் என்பதால், அவர் மூலமாக உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ கேம் அந்த வீட்டுக்கு வந்திருந்தது. அதில் விதவிதமான பூதங்களைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விட வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. எங்களுக்கு ஓர் அட்சரம் தெரியாது; ஏணி மாதிரி எழுத்து வந்தால் அடி, கொக்கி மாதிரி வந்தால் தூக்கம் என்று உருவத்தை வைத்தே பழகிக்கொண்டோம். பூதங்களுக்கும் நாங்களே பெயர் வைத்தோம்.

அந்த ஆட்டத்தில் ஒரு கோபுரம் உண்டு. எத்தனை பூதம் வைத்திருந்தாலும் மூன்றைத்தான் உள்ளே கூட்டிப்போகலாம். இருபத்தொரு மாடி, மாடிக்கு ஒரு சண்டை, எல்லாவற்றையும் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். எங்கே தோற்றாலும் முதல் மாடிக்கே போ என்று தள்ளிவிடும். உச்சியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்பது சேகரண்ணனுக்கு வெறியாகிவிட்டது. நிஜ டீம்தான் கைவிட்டுப் போகிறது, இதையாவது பிடிப்போம் என்று நினைத்தான்போல.

ஆனால் அவன் டீம் எடுத்த அழகு இருக்கிறதே! மூன்றுமே அடிக்கிற பூதங்கள். தன்னைப் போலவே மூன்று பேர். ஏழு மாடி, எட்டு மாடி வரைக்கும் சூறாவளியாகப் போவான். அப்புறம் ஒருவன் இரண்டு அடி தாங்கி ஒரு அடி திருப்பிக் கொடுத்தால் போதும், மூன்றும் வரிசையாகச் சாயும். பெரிய ஆட்டக்காரனாம்!

நான் ஒரு பூதத்தைக் காட்டினேன். வெள்ளையாக, கொழகொழவென்று, அரைக்கண் மூடிய ஒன்று. பால்கோவா என்று பெயர் வைத்திருந்தோம். எதிராளியைத் தூங்கவைப்பது தவிர அதற்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது.

“சண்டைன்னா அடிக்கணும்ட்டி. தூங்கவைக்கிறதெல்லாம் ஒரு சண்டையா?”

“அடிச்சு எம்புட்டு ஜெயிச்சண்ணே? பத்தைத் தாண்டலையே!”

அம்மா மில்லுக்கு ஷிப்ட் போன நாட்களில் அழுகிற தம்பியைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவள் நான். பிள்ளை கொஞ்ச நேரம் தூங்கினால்தான் வீட்டில் மற்ற வேலை ஓடும் என்பது எனக்குத் தெரியும். பால்கோவா தூங்கவைக்கும், அந்த நேரத்தில் கையே கத்தியாக வளைந்திருக்கும் ‘அரிவாள்’ என்ற பூதம் உள்ளே வந்து சாவகாசமாகத் தன்னைத் தீட்டிக்கொள்ளும், எதிராளி முழித்துக்கொண்டால், எவ்வளவு அடித்தாலும் அசையாத ‘அம்மி’ முன்னால் போய் நிற்கும். மூன்று நாளில் பதினைந்தாம் மாடியைத் தாண்டினோம். சேகரண்ணன் என்னை ‘கோச்’ என்று கூப்பிட ஆரம்பித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குள் பெரியப்பா ஒரு கெடு வைத்துவிட்டார். “நாளைக்கு மதுரைக்குப் போயி கட்டப் பிரிச்சதும் அந்த டப்பாவப் பீரோவுல வச்சுப் பூட்டிருவேன். பொறவு பரீட்சை முடிஞ்சாத்தான் கண்ணுல காட்டுவேன்.” அன்று சாயங்காலம் இருபது மாடி முடித்திருந்தோம். ஒவ்வொரு சண்டைக்கும் இடையில் நிறுத்திவைக்கலாம். நடுவில் அணைந்தால் தோல்விதான். செல்லில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிவப்பு விளக்கோ மங்கிவிட்டது. வெயில் இறங்கிவிட்டது, கடித்துக் கடித்துச் செல்லும் நசுங்கிவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம். கடிகாரத்தில் ஒரு செல் இருந்தது.

ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றியவள் நான். அது ஒன்று, வெயிலில் காய்ந்தது ஒன்று என்று போட்டு உச்சி மாடிக்குப் போனோம். கொண்டை போட்ட ஒரு கிழவர் நின்றார். அவருடைய முதல் பூதமே அரிவாளைச் சாய்த்துவிட்டது. அம்மி அடி வாங்கி வாங்கி இரண்டைத் தீர்த்துவிட்டு விழுந்தது. மிச்சம் பால்கோவா. தூங்கவைத்து ஒரு தள்ளு, முழிப்பதற்குள் மறுபடி தூக்கம், மறுபடி ஒரு தள்ளு. விளக்கு மங்க மங்க, தள்ளித் தள்ளியே அவருடைய கடைசிப் பூதத்தையும் விழுத்தாட்டியது.

திரை வெளுத்து, வரிவரியாக எழுத்து வந்தது.

“என்னட்டி போட்டிருக்கு?” என்றான். எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது என்பது அவனுக்கும் தெரியும். அவன் கை மாவுக்கட்டின்மேல் இருந்தது. அவன் கேட்டது எழுத்தைப் பற்றி இல்லை என்று எனக்குப் புரிந்தது. நான் திரையில் விரலை வைத்து வாசித்தேன். “சேகர் கால் நல்லாயிரும். முன்ன மாதிரி ஓடுவான். ஆனா அவனே பந்தைப் போடணும்னு அலையக்கூடாது, மத்தவனுக்கும் குடுக்கணும்.” அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டான். எனக்கும் அழுகை வந்தது. விளக்கு அணைந்தது.

கடிகாரத்தை இருவரும் மறந்தே போனோம். மறுநாள் பெரியப்பா நின்றுபோன முள்ளை நம்பி நிதானமாகக் குளித்து, மதுரைக்குப் போகிற முதல் பஸ்ஸை விட்டார். “பட்டாளத்துக்காரன் பஸ்ஸ விட்டுட்டான்னு வெளிய சொல்லிராதிய” என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். கட்டுப் பிரித்தபோது கால் முருங்கைக்காயாக மெலிந்திருந்தது. அந்த வருஷம் அவனை டீமில் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் எடுத்தார்கள். பந்து போடும் இடத்தில் இல்லை, எதிராளியை மறித்து நிற்கும் இடத்தில். “நான் இப்ப அம்மிட்டி” என்று வந்து சொன்னான்.

பீரோவுக்குள் இருந்த விளையாட்டுப் பெட்டி பிறகு எந்தப் பிள்ளை கைக்குப் போனதோ தெரியாது. நினைவைக் காக்கிற குட்டி செல் ஒன்று அதற்குள்ளேயே உண்டாம். அதுவும் எப்போதோ தீர்ந்திருக்கும், அதோடு எங்கள் இருபத்தொரு வெற்றியும். இப்போது செல்லைக் கடிப்பவர்களும் இல்லை. போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் சேகரண்ணன் மகள், எந்த நாட்டு எழுத்தானாலும் போனைக் காட்டினால் தமிழில் சொல்லிவிடும் என்று காட்டினாள். அந்தத் திரை மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்திருக்குமே என்றேன்.

மண்டபத்துப் படியில் இரண்டிரண்டாக ஏறிக்கொண்டிருந்த சேகரண்ணன் நின்று திரும்பினான்.

“அத எதுக்குட்டி இன்னொருக்கப் படிக்கணும்? அன்னைக்கு நீதான் சரியாப் படிச்சிட்டியே.”