மீதிப் பாடம்

கியாக்டடாவில் ஒரு கோயிலின் மாடி அறை. ரங்கூன் தமிழர்களின் வரலாற்றுக்கும் மொழிக்கும் என்று இருக்கும் சின்னஞ்சிறு அருங்காட்சியகம் இதுதான். துறைமுகத் தொழிலாளர்களின் கொக்கிகள், ரயில்வே விளக்கு, அச்சகத்து ஈய எழுத்துகள் எல்லாவற்றையும் தாண்டி வந்து, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கரும்பலகை முன் நிற்கிறேன். தமிழ்ப் பள்ளியின் கடைசி நாளில் வாத்தியார் எழுதியதை அப்படியே வைத்திருக்கிறார்கள்: "மீதிப் பாடம் நாளை."

மறுநாள் பள்ளி திறக்கவே இல்லை.

அறையின் மின்விளக்கு அணைகிறது. கீழ்க்கூடத்தில் டிவி வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் மா லெட்சுமி, பிள்ளைகளோடு படியேறி வருகிறார். இந்த அறையின் சாவியும் அவரிடம்தான்.

"மீ போயிருச்சு அண்ணே, கீழ ஒரே இருட்டு" என்கிறார். மின்சாரத்துக்கு அவர் வாயில் பர்மியச் சொல்தான் வருகிறது. பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுக் கரும்பலகையின் கண்ணாடிக் கதவைத் திறக்கிறார். துணியை நனைக்கிறார்.

"ஐயோ, அழிச்சிடாதீங்க! எத்தனை வருஷமா காப்பாத்தி வச்சது!" எனக்குக் கோபமே வந்துவிடுகிறது.

"நான்தானே காப்பாத்துனேன்" என்கிறார். "நாளைக்குன்னு எழுதிருக்காரு. பிள்ளைங்க வந்தாச்சுல்ல?"

எழுத்து உயரத்தில் இருக்கிறது. குதிகாலைத் தூக்கியும் அவருக்கு எட்டவில்லை. ஈரத்துணியை என் கையில் வைக்கிறார்.

"நீங்க அழிங்க."

பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். 'நாளை'யிலிருந்து தொடங்குகிறேன்.