முதுகைப் பார்த்தவர்கள்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் எனக்கே தெரியாத விஷயம் பிறருக்குத் தெரிந்துபோனது. காலை தீபாராதனையில் வழக்கமாக எனக்குப் பின்னால் நிற்பவர், "என்ன ஓய், முதுகு திட்டுத் திட்டா வெளுத்திருக்கே?" என்று கேட்டார். வெண்குஷ்டமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து கோயிலுக்குப் போகவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நான் நாலு முகம் பார்க்கிற ஒரே இடம் அதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் மகள், போனிலேயே பார்க்கிற ஒரு தோல் டாக்டரை ஏற்பாடு செய்தாள். மலையாளத்துச் சின்னப் பெண். "அங்கிள், ஒண்ணும் க்ளியரா காணான் இல்ல" என்றார். வீட்டில் யாரையாவது விட்டு முதுகைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். யாரை விட்டு? கண்ணாடி முன் நின்று நானே எடுத்துப் பார்த்தேன். காது விழுந்தது, மின்விசிறி விழுந்தது, முதுகு மட்டும் விழவில்லை.

கடைசியில் கோயில் வாசலில் போய் நின்றேன். பின்னால் நிற்பவர் தரிசனம் முடிந்து வந்ததும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மதிலோரம் என்னைத் திருப்பி நிறுத்திப் படமெடுத்துக் கொடுத்தார். "ஏன் ஓய், ஆளையே காணோமே?" என்றும் கேட்டார். என்னை ஒருவர் தேடியிருக்கிறார்.

படத்தைப் பார்த்ததும் டாக்டர் சிரித்துவிட்டார். "பேடிக்கண்டா அங்கிள்." பயப்பட வேண்டாமாம். வெறும் தேமல்தான், ஆஸ்பத்திரிக்கே வர வேண்டாம், வீட்டில் யாரையாவது களிம்பு பூசிவிடச் சொன்னால் போதும். அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. சேவை எப்படி என்று போனில் கேள்வி வந்தபோது ஐந்து நட்சத்திரமும் மனதாரக் கொடுத்தேன்.

களிம்பைப் பிதுக்கிய பிறகுதான் கை எட்டாது என்று உறைத்தது. போட்டோ ஒருநாள் சமாசாரம், அதற்கு ஒருவரைக் கேட்கலாம். தினமும் யார் முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது? தோசைத் திருப்பியின் முனையில் பஞ்சைச் சுற்றிப் பூசினேன். பாதி முதுகுக்கு, பாதி சுவருக்கு. அவள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டில் தினமும் இதைச் செய்தேன்.

திட்டுகள் மங்கியதாகத் தோன்றியதும் பழையபடி கோயிலுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நன்னா மறைஞ்சுடுத்தே ஓய்! மாமி போட்டுவிட்டாளா?"

அவருக்கு என் முதுகைத்தான் தெரியும். "ஆமாம்" என்றேன்.